வலது கால் செருப்பு

பிளாத்தியா ஊரைச் சுற்றி ஸ்பார்ட்டாக்காரர்கள் கட்டிய முற்றுகைச் சுவரை ஏறித் தப்பியவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஏதென்ஸில் குழந்தைகளுக்கும் தெரிந்த கணக்கு அது. அவர்களில் பலர் பின்னால் வந்த சண்டைகளில் செத்துப்போனார்கள். சமாதானம் ஆனதும் மீதிப் பேருக்கு வடக்கே ஸ்கியோனே ஊரில் நிலம் கிடைத்தது. மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் மாதக் கடைசி நாளில் ஏதென்ஸில் புதுப் பாலாடைக்கட்டி விற்கிற பச்சைக் கட்டிச் சந்தைக்குப் போய், பிளாத்தியாக்காரர்கள் கூடும் இடத்தில் நின்று எண்ணினால், சுவர் ஏறியவர்கள் முந்நூறுக்குக் குறையமாட்டார்கள்.

அந்த முந்நூறில் ஒருவன் அசோபிகோஸ். சந்தையில் அவனுக்குச் சுவரேறி என்று பெயர். சுவரேறி கடையில் வாங்கியது என்றால் பாலாடைக்கட்டி அன்று காலையில் திரண்டது, புளிக்காதது என்று பொருள்.

அவன் சுவர் ஏறவில்லை. அந்தச் சுவரை அவன் பார்த்ததுகூட இல்லை.

பிறந்தது அசோபோஸ் ஆற்றங்கரையில். அப்பாவுக்கு நாற்பது ஆடு. பத்தடிக்கு அப்பால் உலகம் அவனுக்குக் கலக்கிய மோர் மாதிரி இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று ஏழு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தான். ஆடுகளை மணியோசையில் அறிவான். மனிதர்களைத் தொண்டையில் அறிவான். மேய்க்க அனுப்பினால் பக்கத்து ஊர் ஆடுகளையும் சேர்த்து ஓட்டிவந்துவிடுகிறான் என்று அப்பா அவனைப் பால் பக்கம் திருப்பிவிட்டார். அத்திக் கிளையை ஒடித்து, வடியும் பாலை ஆட்டுப்பாலில் கலந்து திரியவைக்கும் வேலை. முகத்துக்கு அரையடி தூரத்தில் நடக்கிற வேலை. அதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது ஸ்பார்ட்டாவின் கூட்டாளிகளான தீப்ஸ்காரர்கள் ஒரு மழை நாளில் ஊருக்குள் புகுந்தார்கள். பிளாத்தியாக்காரர்கள் அவர்களை அடித்துவிட்டார்கள். அடித்த பிறகுதான் பயம் வந்தது. அடுத்து ஸ்பார்ட்டாவே வரும். ஊரில் நானூறு பேர் தங்குவது, சமைத்துப் போட நூற்றுப்பத்துப் பெண்கள், மற்றவர்களை நட்பு நகரமான ஏதென்ஸுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அனுப்பவேண்டியவர்களின் பட்டியலுக்கு மேலே எழுதியிருந்த தலைப்பு, 'பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், உதவாதவர்கள்.'

பத்தொன்பது வயது ஆண் தங்கவேண்டியவன். அசோபிகோஸுக்கும் தங்கத்தான் ஆசை. படைத்தலைவன் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். இவன் கண்ணைச் சுருக்குவதைக் கவனித்து இருபதடி தள்ளிப் போய்க் கையைத் தூக்கினான்.

"எத்தன வெரல்?"

அசோபிகோஸுக்குக் கையே தெரியவில்லை. பக்கத்து வரிசையில், ரொட்டி சுடத் தங்கும் பெண்களோடு, அண்டை வீட்டு நிக்காரோ நின்றிருந்தாள். அவனைவிட மூன்று வயது மூத்தவள். வாயை அசைக்காமல் "மூணு" என்றாள்.

"மூணு" என்றான் இவன்.

அவள் சொன்னதற்கும் இவன் சொன்னதற்கும் நடுவில் படைத்தலைவன் ஒரு விரலை மடக்கிவிட்டிருந்தான். வரிசை முழுக்கச் சிரித்தது. வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வண்டி நகரும்போது நிக்காரோ ஓடிவந்து ஒரு ரொட்டியை அவன் மடியில் போட்டாள்.

"நாந்தாலே கெடுத்தேன். மன்னிச்சுக்க. இனி ஒழுங்காப் பாத்துச் சொல்லுதேன்."

"நீ ஒழுங்காத்தாங்கா பாத்த. அவன்தான் மாத்திட்டான்."

ஏதென்ஸில் இடமில்லை. ஸ்பார்ட்டாக்காரர்கள் வந்து வயலை எரிப்பார்கள் என்று சுற்றுவட்டக் கிராமங்கள் எல்லாம் மதிலுக்குள் வந்து அடைந்திருந்தன. கோயில் தாழ்வாரத்தில் ஒரு குடும்பம், காவல் கோபுரத்தில் ஒரு குடும்பம், ஆள் உயர எண்ணெய் ஜாடியைப் படுக்கப்போட்டு அதற்குள் ஒரு குடும்பம். அசோபிகோஸும் அப்பாவும் மதிலோரம் ஒரு மூலையைப் பிடித்தார்கள். இரண்டாம் வருடம் கொள்ளை நோய் வந்தது. அப்பா போனார். ஊர்க்காரர்கள் தங்கள் ஆடுகளை எல்லாம் யூபியாத் தீவுக்கு அனுப்பியிருந்ததால் மதிலுக்குள் பாலுக்குப் பஞ்சம். கொஞ்சம் ஆடு வைத்திருந்த ஒருவரிடம் போய், பாலைக் கொடுங்கள், கட்டியாக்கித் தருகிறேன், நாலில் ஒன்று எனக்கு என்றான். அந்த ஆள் தெமியாஸ். மதிலுக்கு வெளியே அகர்னாய் கிராமத்தில் கரி சுட்டுக்கொண்டிருந்தவர். ஸ்பார்ட்டாக்காரர்கள் அவர் காட்டை வெட்டியதில் பிழைப்புப் போய் ஆட்டுக்காரர் ஆனவர்.

முற்றுகையில் இருந்தவர்கள் சுவர் ஏறித் தப்பிவந்தது அதற்குப் பிறகு. பனியும் சாரலுமாக இருந்த ஒரு குளிர்காலத்தில், எதிரி கட்டிய சுவரில் செங்கல் வரிசைகளை எண்ணி, எண்ணிக்கைக்கு ஏற்ப ஏணி செய்து, காவல்காரர்களுக்கு நடுவே ஏறி இறங்கி வந்தார்கள். ஏதென்ஸ் அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அடுத்த கோடையில் ஊருக்குள் மிஞ்சியிருந்தவர்கள் பட்டினியில் சரணடைந்தார்கள். இந்தப் போரில் எங்களுக்கு ஏதாவது நன்மை செய்திருக்கிறாயா என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் ஒவ்வோர் ஆணிடமும் கேட்டார்கள். யாரும் செய்திருக்கவில்லை. ஆண்களைக் கொன்றார்கள். பெண்களை விற்றார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரத்தில்தான் தெமியாஸ் கேட்டார்.

"ஏம்ப்பா, நீயும் பிளாத்தியாதானே? வாட்டசாட்டமா இருக்கியே. சொவரு ஏறி வந்தவன்தானே?"

இல்லை என்று சொல்லத் தலையை மேலே தூக்கவேண்டும். அந்த ஊரிலும் எந்த ஊரிலும் கிரேக்கர்களுக்கு அதுதான் வழக்கம். தலை மேலே போனால் இல்லை, கீழே வந்தால் ஆமாம். அசோபிகோஸுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் தலை தானாகக் கவிழ்ந்துவிட்டது.

"அப்படிப் போடு!" என்று தெமியாஸ் முதுகில் ஓங்கி அறைந்தார். "ஏ லிசில்லா! இந்தப் பையன் யாருன்னு தெரியுமா?"

லிசில்லா அவருடைய மகள். ஆட்டுக் கொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் அசோபிகோஸுக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் "ஐயோ, நிஜமாவா?" என்றது தெரிந்தது. அந்தக் குரலுக்குப் பிறகு தலையை மேலே தூக்க மனசு வரவில்லை. எட்டு மாதத்தில் கல்யாணம்.

ஒரு தலைகுனிவை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் ஓட்டமுடியாது. லிசில்லா கதை கேட்டாள். அவன் சந்தையில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுவந்து சொன்னான். ஏன் உனக்குக் கண் மங்கல் என்று கேட்டாள். அந்த ராத்திரி அடித்த பனிச்சாரல் என்றான். அவள் அதற்கு அழுதாள். அதன் பிறகு மீட்கமுடியாத அளவுக்கு விஷயம் போய்விட்டது.

அவன் கதை கேட்ட மற்றவர்களில் முக்கியமானவன் தீசியாஸ். வெங்காயம் விற்பவன். சந்தையில் அவனைப்போலச் சுவர் ஏற ஆளில்லை. ஒவ்வொரு மாதமும் சுவர் ஒரு வரிசை செங்கல் உயர்ந்துகொண்டு வந்தது.

"சேறுலா அங்க. ரெண்டு கால்லயும் செருப்புப் போட்டா வழுக்கும். ரெண்டு காலும் வெறுங்காலா இருந்தா ஐஸு குத்தும். அதனால என்ன செஞ்சோம்? வலது கால்ல மட்டும் செருப்பு. எடது கால் வெறுங்கால். எப்பிடி?"

உண்மையில் ஏறிய தச்சன் ஒருவன் முதல் வருடம் சந்தையில் நடித்துக் காட்டியிருந்தான். அவன் இவர்களைப் பார்த்து நின்று காலைத் தூக்கியதால், எதிரே நின்று பார்த்த தீசியாஸுக்கு இடது வலதாகத் தெரிந்தது. அது அப்படியே பரவியது. சமாதானம் ஆனதும் சண்டையிலிருந்து திரும்பிய அந்தத் தச்சன், வலது இல்லை, இடது கால் என்றான். பதினேழு பேர் சேர்ந்து அவனைத் திருத்தினார்கள். "ஒங்களுக்கு ஸ்பார்ட்டாக்காரனே தேவல" என்று சொல்லிவிட்டு அவன் ஸ்கியோனேக்குப் போனான். அசோபிகோஸும் அந்தப் பதினேழு பேரில் ஒருவன்.

நிக்காரோ வந்தது சமாதானம் ஆகி நாலாம் வருடம், ஒரு மாதக் கடைசி நாளில். ஏதென்ஸ்காரர்கள் அந்த நாளைப் 'பழசும் புதுசும்' என்பார்கள்.

சந்தை நெரிசலாக இருந்தது. தெமியாஸ் கரி மூட்டை கொண்டுவந்திருந்தார். சமாதானத்தில் காடு மறுபடி துளிர்த்திருந்ததால் ஆடுகளை விடாமலே பழைய தொழிலுக்கும் திரும்பியிருந்தார். லிசில்லா கல்லாவில் இருந்தாள். அசோபிகோஸ் நாணல் கூடைகளிலிருந்து கட்டிகளை இலைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தான். முதலில் நாற்றம் வந்தது. சலவைப் பட்டறை நாற்றம், மூத்திரத்தில் துணி ஊறவைக்கிற நாற்றம். பிறகு ஒரு பெண் ஓடிவந்து கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். பின்னாலேயே ஓர் ஆண் மூச்சிரைக்க வந்து அவள் கையைப் பிடித்தான்.

"விடும்! நான் பிளாத்தியாக்காரி! பிளாத்தியாக்காரங்க ஆராவது இருக்கீகளா?"

அசோபிகோஸ் கையிலிருந்த கூடை நழுவியது. ஒரு கட்டி தரையில் உடைந்தது. அந்தத் தொண்டையைப் பதினாலு வருடமாக அவன் கேட்டதில்லை. தெருவின் அந்தக் கோடியில் ஆட்டை அதட்டினால் இந்தக் கோடியில் நிற்கிற ஆடு திரும்பிப் பார்க்கும் தொண்டை.

கையைப் பிடித்தவன் ஹெர்மோன். துறைமுகத்தில் சலவைப் பட்டறை வைத்திருப்பவன். "ஐயா, இது என் அடிமை. தீப்ஸ்ல முறையா வாங்கினது. காலைலேர்ந்து பட்டறைய விட்டுட்டு இவ பின்னாடி ஓடிட்டு இருக்கேன்" என்றான். அவனைச் சுற்றி ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள்.

சந்தை அதிகாரி அன்று அந்தப் பக்கம்தான் இருந்தார். பாலில் தண்ணீர் கலப்பவர்களைத் தேடி வந்தவர், கையில் சாட்டை. விசாரித்தார். பிளாத்தியாப் பெண் என்றால் ஏதென்ஸ் சட்டப்படி ஊர்ப் பெண். ஊர்ப் பெண்ணை ஏதென்ஸில் யாரும் அடிமையாக வைத்திருக்க முடியாது. இல்லையென்றால் அவள் ஹெர்மோனுடையவள்.

"இதுல என்ன கஷ்டம்?" என்றார் அதிகாரி. "அத்தன பேரும் இங்கதானே இருக்காங்க. தெரிஞ்சவங்க யாராவது சத்தியம் பண்ணட்டும், நீ போகலாம். யாரும் இல்லைன்னா அவரோட போகணும். சரியா?"

"சரி" என்றாள் நிக்காரோ.

"நூறு தடவ சரி" என்றான் ஹெர்மோன்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "முத்துகையில உள்ள இருந்தவுக ஆராவது இருக்கீகளா? அந்த நூத்திப்பத்துப் பொம்பளைகள்ல நான் ஒருத்தி. எங்கையால ரொட்டி தின்னவுக இருப்பீகளே."

முந்நூறு சுவரேறிகள் நின்றிருந்தார்கள். கையைத் தூக்காமல் இருக்கமுடியாது. மனைவிமார் பார்க்கிறார்கள், வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. தெமியாஸ் அசோபிகோஸின் கையைப் பிடித்துத் தானே தூக்கிவிட்டார். "தூக்கு மாப்ள, என்ன கூச்சம்!"

நிக்காரோ வரிசையாக முகம் பார்த்துக்கொண்டே நடந்தாள். நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. "ஒங்கள... ஒங்களையும்... நீங்க ஆரு? நாலு வாய்க்கு ஒருத்தின்னு மூணு வருசம் சுட்டுப் போட்டேன். நானூறு மூஞ்சியும் எனக்கு மனப்பாடம். இதுல ஒண்ணு கூட..."

"பாத்தீங்களா!" என்றான் ஹெர்மோன். "முந்நூறு பேர் இருந்திருக்காங்க, இவளுக்கு ஒருத்தரக்கூடத் தெரியல!"

தீசியாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "ஏ பொம்பள, ஒன்ன ஒண்ணு கேக்கேன். நாங்க சொவரு ஏறுன அன்னைக்கி எந்தக் கால்ல செருப்புப் போட்டுருந்தோம்?"

"எடது கால்ல."

சுற்றிலும் ஒரு பெருமூச்சு.

"எடது கால்லதாம்யா" என்றாள் அவள். "கெளம்புன இருநூத்தி இருவது பேரும் வலது கால் செருப்ப எங்க அடுப்படியிலதான் கழத்திப் போட்டுட்டுப் போனீக; எட்டுப் பேரு பாதியில திரும்புனது வேற. வெறகு தீந்து போயி அதப் போட்டுத்தான் ஒரு வாரம் ரொட்டி சுட்டோம். ரொட்டி முழுக்கச் செருப்பு நாத்தம். நாங்க அழுதுட்டே சிரிச்சோம்."

"ஐயா அதிகாரி" என்றான் தீசியாஸ். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எங்க முந்நூறு பேருக்கும் வலது கால்லதான் செருப்பு. பாவம், இந்தப் பொம்பள அங்க இல்ல."

ஹெர்மோன் அவள் கையை மறுபடி பிடித்தான். அதிகாரி சாட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

அசோபிகோஸின் கை இன்னும் மேலேதான் இருந்தது. இறக்கினால் போதும் என்று நினைத்தான். இறக்கிவிட்டுக் கட்டியைப் பொறுக்கலாம். அவள் தன்னைக் கண்டுபிடிக்கவில்லை. பதினாலு வருடம், இவ்வளவு தாடி. வேறு யாராவது சொல்வார்கள். அண்டை வீட்டுக்காரன் இவன் ஒருவன்தான் என்றாலும் அதே தெருவில் பத்துக் குடும்பம் இருந்ததே. அந்தக் குடும்பங்களின் ஆண்கள் எங்கே என்று தொண்டைகளை நினைவில் தேடினான். ஒருவன் இருமியது கேட்டது. அவன் சுவர் ஏறியதாகச் சொல்லிக்கொள்பவன். அவனும் பேசமாட்டான்.

பக்கத்தில் லிசில்லா மெல்லக் கேட்டாள். "ஏங்க, அந்தப் பொம்பள பொய் சொல்றவ மாதிரியே இல்லையே. உங்களுக்கு எந்தக் கால்?"

"எனக்குத் தெரியாது" என்றான் அசோபிகோஸ்.

"என்னது?"

"எனக்குத் தெரியாதுட்டி." பிறகு சத்தமாக, "ஐயா, எனக்கு அவள நல்லாத் தெரியும். அவ பேரு நிக்காரோ. எங்க அண்ட வீடு. தேமீத்தர் ஆத்தா மேல சத்தியம், அவ பிளாத்தியாக்காரி."

அதிகாரி திரும்பினார். "நீ முற்றுகைல இருந்தியா?"

"இல்ல."

"மாப்ள!" என்றார் தெமியாஸ்.

"நான் சொவரு ஏறல. உதவாதவன்னு வண்டியில ஏத்தி அனுப்பிட்டாக. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. கண்ணு தெரியாதுன்னு. எந்தக் கால்ல செருப்புன்னு அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. இங்க இருக்க ஆருக்கும் தெரியாது."

தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எங்கோ ஓர் ஆடு கத்தியது.

ஹெர்மோன் சும்மா இருப்பானா. "ஐயா, நல்லா கேட்டுக்குங்க. ஒன்பது வருஷமா ஊர ஏமாத்தினவன்னு அவனே சொல்றான். பொய்யன் பண்ற சத்தியத்த வச்சு என் சொத்த நான் விடணுமா?"

கூட்டத்தில் சிலர் தலையைக் கீழே ஆட்டினார்கள். நியாயமான கேள்விதான்.

"பொய் சொன்னா எதாச்சும் கெடைக்கணும்லா" என்றான் அசோபிகோஸ். "அன்னைக்கிச் சொன்னதுக்குப் பொண்டாட்டி கெடச்சா. இன்னைக்கிச் சொன்னதுக்கு என்ன கெடைக்கும்? என் பொண்டாட்டி மூஞ்சியப் பாருங்க. எனக்குத் தெரியல, ஒங்களுக்குத் தெரியும்லா."

எல்லோரும் லிசில்லாவைப் பார்த்தார்கள். முதலில் மீன்காரி ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும்.

அதிகாரி சிரிக்கவில்லை. பாலில் தண்ணீர் கண்டுபிடித்தே பழகியவர். "நீயும் இந்தப் பொண்ணும் கடைசியா எப்ப பார்த்துக்கிட்டீங்க?"

"வண்டியில ஏத்துன அன்னைக்கி. படைத்தலைவன் வெரலக் காட்டி எத்தனன்னு கேட்டான்."

"நிறுத்து. மீதியை என் காதுல சொல்லு."

அசோபிகோஸ் சொன்னான். அதிகாரி நிக்காரோவிடம் போனார். அவள் இவன் பக்கமே திரும்பி நின்றிருந்தாள். கை வாயைப் பொத்தியிருந்தது. அவளும் அதிகாரியின் காதில் சொன்னாள். ஆனால் அவள் காதில் சொல்வது சந்தை முழுக்கக் கேட்டது.

"நான் மூணுன்னேன். அவன் ரெண்டாக்கிட்டான். எம்மேலதான் தப்பு. ஏலே அசோபி! நீயாலே?"

"நாந்தாங்கா."

அதிகாரி இன்னும் ஒன்று பாக்கி வைத்திருந்தார். இருபதடி பின்னால் போய்க் கையைத் தூக்கினார். "இது எத்தன?"

அசோபிகோஸ் கண்ணைச் சுருக்கினான். "நாலு?"

அதிகாரி தூக்கியிருந்தது சாட்டை. இந்த முறை அவரும் சிரித்துவிட்டார். "இவன் எந்தச் சுவரும் ஏறல. இவன் சத்தியம் செல்லும். அந்தக் கைய விடுய்யா."

ஹெர்மோன் விட்டான். "அந்த தீப்ஸ்காரன் என் தலையில கட்டிட்டான்" என்று புலம்பினான். "தீப்ஸ் வீட்ல பொறந்தவன்னு சொன்னான். நல்லா துணி துவைப்பா ஐயா, அதுதான் வயிறு எரியுது." யாரோ அவனுக்கு ஓர் இலைக் கட்டி கொடுத்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போனான்.

பிறகு தீசியாஸ் தொண்டையைக் கனைத்தான். "நானும் வண்டியிலதான் வந்தேன்" என்றான். "மூணாவது வண்டி."

"நீ மொத வண்டில்லா!" என்றாள் நிக்காரோ. "வெங்காயக்கார வீட்டுப் பயதான? ஒங்கம்மா தோள்ல சாஞ்சு அழுதுட்டே போன."

"தூசு கண்ணுல விழுந்துட்டு" என்றான் தீசியாஸ்.

இருமியவன் வந்தான். நானும் வண்டிதான் என்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அரை நாழிகைக்குள் அத்தனை பேரும் வண்டியில் வந்தவர்கள் ஆகிவிட்டார்கள். போருக்கு முன்பே ஏதென்ஸில் பிறந்து வளர்ந்த ஒரு செருப்புத் தைப்பவன்கூடத் தான் நாலாவது வண்டியில் வந்ததாகவும், பின்பக்கம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னான்.

"இத்தன பேர் ஏறியிருந்தா அச்சு முறிஞ்சிருக்குமேய்யா" என்றார் அதிகாரி. போய்விட்டார்.

நிக்காரோ உடைந்த கட்டியைத் தரையிலிருந்து எடுத்து, மண்ணைத் தட்டி, வாயில் போட்டுக்கொண்டாள். "எங்கூருக் கட்டி மாதிரியே இருக்கு. எங்கம்மா எங்கலே?"

"கொள்ள நோயிலக்கா. எங்கப்பா போன அதே மாசம்."

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"ரொட்டி சுட்டாளா?"

"கடேசி வரைக்கும். ஏதென்ஸ் மாவு மாவே இல்லன்னு திட்டிக்கிட்டே சுட்டா. மதிலோரத்துல பாதிப் பேரு அதத்தான் தின்னோம்."

நிக்காரோவுக்குக் கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக வந்தது. "திட்டுவா" என்றாள். "நல்லாத் திட்டுவா."

தெமியாஸ் கரி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மருமகன் வந்து எதிரே நின்றான்.

"மாப்ள, நான் அன்னைக்கிக் கேட்டப்ப நீ தலையக் குனிஞ்சியே?"

"வெக்கம் மாமா."

"வெக்கமா?" தெமியாஸ் யோசித்தார். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்ப லிசில்லாவும் இப்படித்தான் தலையக் குனிஞ்சா. அது எதுன்னு இப்ப எனக்குச் சந்தேகமா இருக்கு." மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "வர்ற வாரம் பால் அனுப்புறேன். அதுல ஒண்ணும் மாத்தமில்ல!"

லிசில்லா மூன்று நாள் பேசவில்லை. கூடை கழுவினாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், வீட்டில் இடம் கொடுத்திருந்த நிக்காரோவுக்குப் பாய் விரித்தாள்; அவனிடம் மட்டும் பேசவில்லை. கோபத்தைவிட வேறொரு கவலை அவளுக்கு இருந்தது. நீரூற்று மண்டபத்தில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஐம்பது பெண்களுக்கு ஒன்பது வருடமாகச் சுவர் ஏறிய கதையைச் சொன்னவள் அவள். குடம் எடுக்கப் போகாமல் தண்ணீருக்கு மூத்த பெண்ணை அனுப்பினாள். அந்தப் பெண் அரைக் குடம் கொண்டுவந்தாள். அசோபிகோஸ் ஒருமுறை தானே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆண்பிள்ளை நீரூற்றுக்குப் போனால் அது இன்னொரு கதையாகிவிடும் என்று நிக்காரோ பிடுங்கி வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் நிக்காரோ சொன்னாள். "ஏட்டி லிசில்லா, ஒம் புருசன் நெனச்சிருந்தா கைய எறக்கிட்டுக் கட்டியப் பொறுக்கிருக்கலாம். நான் இந்நேரம் மூத்திரத்துல நின்னு மிதிச்சுக்கிட்டு இருப்பேன்." லிசில்லா ரொட்டியை அவள் தட்டில் வைத்தாள்.

நாலாம் நாள் காலையில் அவளே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வழக்கத்தைவிட நேரமாயிற்று. அசோபிகோஸ் அடுப்பிலிருந்து பாலை இறக்கி, அத்திக் கிளையை ஒடித்து, முகத்தைப் பாத்திரத்துக்குமேல் வைத்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தான். வாசலில் குடம் இறங்கும் சத்தம் கேட்டது. நிரம்பிய குடம்.

"கேட்டாளுங்க" என்றாள் லிசில்லா.

அவன் கிளறினான்.

"உங்க வீட்டுக்காரரும் வண்டியாமேன்னு ஆரம்பிச்சா, அந்த மீன்காரி. நான் சொன்னேன், ஆமா, முந்நூறு பேரு சொவரு ஏறினேன்னு சொன்னவங்க நின்னாங்க. ஏறலன்னு சொல்ல ஒருத்தன்தான் இருந்தான். அவன் எங்க வீட்டுக்காரன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாளுக?"

"என்ன சொல்லுவாளுங்க. மறுபடி முதல்லேர்ந்து சொல்லுன்னாளுங்க. மூணு தடவ சொன்னேன். அதான் நேரமாயிடுச்சு." குடத்தை உள்ளே நகர்த்தினாள். "அதிகாரி சாட்டைய எத்தன அடி தூரத்துல காட்டினாரு? இருபதா? நான் அம்பதுன்னு சொல்லிட்டேன்."

"அம்பதா? ஏட்டி, அம்பதடியில எல்லாருக்கும்..."

"பேசாதீங்க. பால் திரியுது, பாருங்க."

திரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் கிளையை எடுத்துவிட்டுத் துணியை விரித்தான்.